ஸ்பெர்ம்செக் வீட்டுப் பரிசோதனைப் பெட்டி: கோடு தெரிந்தால் என்ன, தெரியாவிட்டால் என்ன

அமெரிக்க மருந்துக் கடைகளில் கர்ப்பப் பரிசோதனைப் பெட்டிகள் இருக்கும் அலமாரிக்கு 2012-ஆம் ஆண்டு ஆண்களுக்கான ஒரு பெட்டியும் வந்து சேர்ந்தது. அதன் பெயர் ஸ்பெர்ம்செக் ஃபெர்ட்டிலிட்டி. அப்போது அதன் விலை சுமார் 40 டாலர். மருத்துவரின் சீட்டு தேவையில்லை. ஒருவருடைய விந்தில் மில்லிலிட்டருக்கு 2 கோடி விந்தணுக்களாவது இருக்கின்றனவா என்ற ஒற்றைக் கேள்வியை எடுத்துக்கொண்டு, சிவந்த கோடு ஒன்று தெரிவதன் மூலமோ தெரியாமல் போவதன் மூலமோ அது விடை சொல்கிறது. இந்தப் பெட்டியைப் பற்றி இணையத்தில் காணப்படும் மதிப்புரைகளில் பெரும்பாலானவை, பயன்படுத்த எளிதாக இருந்ததா, கோடு தெளிவாகத் தெரிந்ததா என்ற இரண்டோடு முடிந்துவிடுகின்றன. அவை தேவையான செய்திகள்தாம் என்றாலும், 40 டாலரைச் செலவழிக்கலாமா என்று முடிவு செய்வதற்கு அவை போதா. இந்தப் பெட்டி எதை நன்றாகச் செய்கிறது, எதை அறவே செய்வதில்லை என்பது, அதை உருவாக்கிய விஞ்ஞானி தம் ஆய்வுக்கூடத்தில் எந்தப் பொருளைத் தேடினார், அதை எதற்காகத் தேடினார் என்பதிலேயே அடங்கியிருக்கிறது. ஆகவே இந்த மதிப்புரையில் பாதி அவரைப் பற்றியதாகவே இருக்கும்.

ஜான் ஹெர் என்பவர் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் ஷார்லட்ஸ்வில் நகரில் உள்ள வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் உயிரணுவியல் பேராசிரியராக இருந்தவர். அங்கே கருத்தடை, இனப்பெருக்க நல ஆய்வு மையத்தை நிறுவி நடத்தியவர். மருத்துவர் அல்லர், ஆய்வாளர். அவர் ஆய்வுக்கு வந்த காலம் கருத்தடைத் தடுப்பூசி என்ற கனவு வலுவாக இருந்த காலம். உடலின் நோயெதிர்ப்பு ஆற்றலையே விந்தணுவுக்கோ கருவுக்கோ எதிராகத் திருப்பிவிட்டால் மாத்திரையும் கருவியும் இல்லாமல் கருத்தரிப்பைத் தள்ளிப்போடலாம் என்று பல நாட்டு ஆய்வுக்கூடங்கள் நம்பின. டெல்லியில் ஜி. பி. தல்வார் குழுவினர் கர்ப்பகால ஹார்மோனுக்கு எதிரான தடுப்பூசியைப் பெண்களிடம் சோதித்து 1994-இல் முடிவுகளை வெளியிட்டதும் அந்த முயற்சிகளில் ஒன்றுதான். ஹெர் தேர்ந்தெடுத்த இலக்கு ஹார்மோன் அன்று, விந்தணுவேதான்.

1975-இல் கோலரும் மில்ஸ்டைனும் கண்டறிந்த மானோகுளோனல் எதிர்ப்பொருள் நுட்பம் அப்போது உயிரியல் ஆய்வுக்கூடங்களில் பரவிக்கொண்டிருந்தது. ஒரே ஒரு மூலக்கூறை மட்டும் அடையாளம் கண்டு பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருளை வேண்டிய அளவுக்கு உற்பத்தி செய்துகொள்ளலாம் என்பதே அந்த நுட்பத்தின் வலிமை. மனித விந்தணுவைக் கொண்டு ஹெர் குழுவினர் உருவாக்கிய எதிர்ப்பொருள்களில் ஒன்று, விந்தணுத் தலையின் முன்பகுதியில் தொப்பிபோல் கவிந்திருக்கும் ஆக்ரோசோம் என்ற பைக்குள் இருந்த ஒரு புரதத்தைப் பற்றியது. அந்தப் புரதத்துக்கு எஸ்பி-10 என்ற பெயர் அமைந்தது. விந்தணு முட்டையை அணுகும்போது ஆக்ரோசோம் திறந்து தன் உள்ளடக்கத்தை வெளியேற்றும். ஆகவே அதற்குள் இருக்கும் ஒரு புரதத்தை முடக்கினால் கருத்தரிப்பைத் தடுக்கலாம் என்ற எண்ணத்துக்கு இடமிருந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் கருத்தடைத் தடுப்பூசிக்கான பணிக்குழுவும் எஸ்பி-10-ஐ முதன்மையான வேட்பாளர்களில் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. மக்காக் இனக் குரங்குகளுக்கு அந்தப் புரதத்தைச் செலுத்தியபோது கருக்குழாய் நீரிலேயே எதிர்ப்பொருள்கள் தோன்றியதை 1997-இல் அந்தக் குழு காட்டியது. ஆனால் தடுப்பூசி மனிதரின் பயன்பாட்டுக்கு வரவேயில்லை.

தடுப்பூசிக்கு இலக்காக எஸ்பி-10-ஐத் தகுதியாக்கிய பண்புகளே அதைப் பரிசோதனைக்கான அடையாளப் பொருளாகவும் தகுதியாக்கின என்பதுதான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம். தடுப்பூசி இலக்கு உடலின் வேறெந்த உறுப்பிலும் இருக்கக்கூடாது. இருந்தால் எதிர்ப்பொருள் அந்த உறுப்பையும் தாக்கும். எஸ்பி-10 விரையில், அதிலும் விந்தணுவாக உருவாகிவரும் உயிரணுக்களில் மட்டுமே தோன்றுகிறது. புராஸ்டேட் சுரப்பியும் விந்துப்பையும் சுரக்கும் நீரில் அது இல்லை. விந்தின் கன அளவில் பெரும்பங்கு அந்த இரண்டு சுரப்பிகளிலிருந்து வருவதால், வெறும் விந்து நீரையும் விந்தணு உள்ள விந்தையும் வேறுபடுத்துவதற்கு இதைவிடப் பொருத்தமான அடையாளம் கிடைப்பது அரிது. ஒவ்வொரு விந்தணுவும் ஏறத்தாழ ஒத்த அளவில் இந்தப் புரதத்தைச் சுமப்பதால், புரதத்தை அளந்தால் எண்ணிக்கையை மதிப்பிடலாம், நுண்ணோக்கி வேண்டியதில்லை. கருவுறுதலைத் தடுக்கப் புறப்பட்ட ஆய்வு, குழந்தைக்கு ஏங்கும் தம்பதிகளின் குளியலறைக்குப் போய்ச் சேர்ந்தது இப்படித்தான்.

ஹெரின் ஆய்வு வாழ்க்கையில் இன்னொரு கிளையும் இந்தப் பெட்டிக்குள் வந்து சேர்கிறது. அதே பல்கலைக்கழகத்தில் நுண்கட்டமைப்பு ஆய்வாளரான சார்லஸ் ஃப்ளிக்கிஞ்சரும் சிறுநீரக அறுவை மருத்துவரான ஸ்டூவர்ட் ஹவர்ட்ஸும் அவரும் சேர்ந்து, வாசெக்டமி என்ற ஆண் கருத்தடை அறுவைக்குப் பிறகு உடலுக்குள் என்ன நடக்கிறது என்பதை நீண்ட காலம் ஆராய்ந்தனர். வெளியேற வழியில்லாமல் தேங்கும் விந்தணுக்களுக்கு எதிராக உடலே எதிர்ப்பொருள்களை உருவாக்குவதை லூயிஸ் வகை எலிகளில் அவர்கள் விரிவாகப் பதிவு செய்திருக்கிறார்கள். அறுவை மருத்துவர் ஒருவர் அருகிலேயே இருந்ததால்தானோ என்னவோ, புரதத்தை வைத்து முதலில் உருவான வீட்டுப் பரிசோதனை, குழந்தை வேண்டுவோருக்கானதாக இல்லாமல், குழந்தை வேண்டாம் என்று அறுவை செய்துகொண்டவர்களுக்கானதாக அமைந்தது. ஸ்பெர்ம்செக் வாசெக்டமி என்ற அந்தப் பெட்டிக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2008-இல் அனுமதி தந்தது. இனப்பேறு அறிவதற்கான பெட்டி அதன் தம்பி. பிற்காலத்தில் ஹெரின் ஆய்வுக்கூடம் ஆண்களுக்கான கருத்தடை மாத்திரைக்கு இலக்காகக்கூடிய விரை நொதிகளையும், முட்டையில் மட்டும் இருப்பதாகக் கருதப்பட்டுச் சில புற்றுக்கட்டிகளிலும் காணப்பட்ட ஒரு புரதத்தையும் ஆராய்ந்தது. அவற்றுக்கும் நாம் பார்க்கும் பெட்டிக்கும் தொடர்பில்லை.

இனிப் பெட்டிக்குள் வருவோம். மாதிரியைச் சேகரிக்க ஒரு கிண்ணம், அளவுக்கோடு உள்ள சிறிய உறிஞ்சி, கரைசல் நிரம்பிய சிறு புட்டி, கர்ப்பப் பரிசோதனையில் பார்த்துப் பழகிய வடிவிலேயே ஒரு பிளாஸ்டிக் பட்டை, மடித்து வைத்த குறிப்புத்தாள் ஆகியவை இருக்கின்றன. குறைந்தது 2 நாள், அதிகம் போனால் 7 நாள் இடைவெளிக்குப் பிறகு மாதிரியை எடுக்க வேண்டும். எடுத்தவுடன் கெட்டியாக இருக்கும் விந்து நீர்த்துப்போவதற்காக 20 நிமிடம் காத்திருந்து, உறிஞ்சியால் அளவுக்கோடு வரை எடுத்து, புட்டியில் உள்ள கரைசலோடு கலந்து, பட்டையின் குழியில் ஆறு துளி விட்டு, 7 நிமிடம் கழித்துப் பார்த்தால் முடிவு தெரிந்துவிடும். கரைசலில் உள்ள சவர்க்காரம் போன்ற பொருள் ஆக்ரோசோமை உடைத்து எஸ்பி-10-ஐ வெளியே கொண்டுவருகிறது. பட்டையின் வழியாக ஊர்ந்து செல்லும் நீர்மத்தில் அந்தப் புரதம் இருந்தால், நிறத் துகள் ஒட்டிய ஓர் எதிர்ப்பொருள் அதைப் பற்றிக்கொள்ளும். அந்த இரண்டையும் சேர்த்து, பட்டையின் குறுக்கே பதித்து வைத்திருக்கும் மற்றோர் எதிர்ப்பொருள் தடுத்து நிறுத்தும். நிறத் துகள்கள் அங்கே குவிவதைத்தான் நாம் கோடாகப் பார்க்கிறோம்.

செய்முறை எளிது என்பதில் எனக்கு மறுப்பில்லை. என் கணிப்பில் கவனம் தேவைப்படும் இடம் ஒன்றே ஒன்றுதான், அது உறிஞ்சி. இந்த நுட்பத்தில் 2 கோடி என்ற எல்லையைப் பட்டை மட்டும் தீர்மானிப்பதில்லை; எவ்வளவு விந்து எவ்வளவு கரைசலில் கலக்கிறது என்ற விகிதமும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது. உறிஞ்சியில் காற்றுக் குமிழி புகுந்தாலோ, விந்து முழுமையாக நீர்த்துப்போகாமல் திரிதிரியாக இருந்தாலோ, உள்ளே போகும் விந்தணுக்களின் அளவு மாறிவிடும். எண்ணிக்கை எல்லைக்கு வெகு மேலே இருப்பவருக்கும் வெகு கீழே இருப்பவருக்கும் இதனால் ஒன்றும் கெட்டுப்போகாது. எல்லையை ஒட்டி இருப்பவருக்குத்தான் முடிவு மாறும். அவரோ இந்தப் பெட்டியை நம்பி வாங்கக்கூடியவர்களில் முக்கியமானவர். சோதனைக் கோடு, பட்டை சரியாக இயங்கியதை மட்டும் காட்டுவதற்காக அருகில் உள்ள கட்டுப்பாட்டுக் கோட்டைவிட மங்கலாக இருந்தாலும் அதைக் கோடாகவே கொள்ள வேண்டும் என்பது இத்தகைய பட்டைகளின் பொது விதி. விதி தெளிவானதுதான், ஆனாலும் மங்கலான கோட்டை விளக்கின் கீழே திருப்பித் திருப்பிப் பார்க்காத மனிதர் இருப்பார் என்று நான் நினைக்கவில்லை.

துல்லியத்தைப் பற்றிய உரிமைகோரல் மிகைப்படுத்தப்பட்டதன்று. கோப்போலா, க்ளோட்ஸ், ஹெர் முதலானோர் 2010-இல் வெளியிட்ட ஆய்வில் 225 மாதிரிகளை ஆய்வகத்தில் எண்ணிய எண்ணிக்கையோடு ஒப்பிட்டு, ஒட்டுமொத்தமாக 96 விழுக்காடு பொருந்தியதாகக் காட்டினர். அந்த ஆய்வில் ஒரு பட்டைக்குப் பதிலாக இரண்டு பட்டைகள் இருந்தன என்பதைக் கவனிக்க வேண்டும். ஒன்று 2 கோடியில் கோடு காட்டும். மற்றது 50 லட்சத்தில் காட்டும். அதனால் எண்ணிக்கை இயல்பானதா, சற்றுக் குறைவா, மிகமிகக் குறைவா என்று மூன்று படிகளில் விடை கிடைத்தது. கடையில் விற்கும் பெட்டியில் முதல் பட்டை மட்டுமே இருக்கிறது. விலையையும் குழப்பத்தையும் குறைப்பதற்காக அப்படிச் செய்திருக்கலாம். ஆனால் பெட்டியின் மிகப் பெரிய குறை இதுவே என்பது என் கருத்து. மில்லிலிட்டருக்கு 1 கோடியே 90 லட்சம் விந்தணுக்கள் இருப்பவருக்கும் ஒரு விந்தணுகூட இல்லாதவருக்கும் இந்தப் பட்டை ஒரே வெறுமையைத்தான் காட்டும். முன்னவருக்கு அடுத்த ஆண்டே இயல்பாகக் குழந்தை பிறக்க வாய்ப்பு உண்டு. பின்னவருக்கோ காரணம் குழாய் அடைப்பா, ஹார்மோன் குறைபாடா, மரபணுக் கோளாறா என்று உடனடியாகத் தேட வேண்டிய நிலை. ஆண்கள் அனைவரையும் எடுத்துக்கொண்டால் சுமார் 100-இல் ஒருவருக்கும், குழந்தையின்மைக்காகப் பரிசோதிக்கப்படும் ஆண்களில் 10 முதல் 15 விழுக்காட்டினருக்கும் விந்தில் விந்தணுவே இருப்பதில்லை என்பதால், இது ஏதோ ஏட்டளவில் சொல்லப்படும் ஆட்சேபம் ஆகாது.

சரி, 2 கோடி என்ற எண் எங்கிருந்து வந்தது? நியூயார்க்கில் கார்னெல் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஜான் மெக்லியட் என்ற ஆய்வாளர், மனைவி கருவுற்றிருந்த 1000 ஆண்களின் எண்ணிக்கையையும், குழந்தையில்லாத மணவாழ்வில் இருந்த 1000 ஆண்களின் எண்ணிக்கையையும் ஒப்பிட்டு 1951-இல் ஆய்வு வெளியிட்டார். 2 கோடிக்குக் கீழே இருந்தவர்கள் முதல் குழுவில் சுமார் 5 விழுக்காடு, இரண்டாம் குழுவில் சுமார் 16 விழுக்காடு. இரண்டு குழுக்களும் எவ்வளவு தூரம் ஒன்றன்மேல் ஒன்று கவிந்திருக்கின்றன என்பதை அந்த இரண்டு எண்களே காட்டிவிடும். குழந்தையில்லாதவர்களில் பெரும்பான்மையோர் எல்லைக்கு மேலேயே இருந்தார்கள். ஆனாலும் 2 கோடி என்பது பாடநூல்களில் நிலைத்து, உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வகக் கையேட்டிலும் இடம் பிடித்து, 1999-இல் வந்த நான்காம் பதிப்பு வரை நீடித்தது. ஐந்தாம் பதிப்பு 2010-இல் அதை 1.5 கோடியாகக் குறைத்தது. 2021-இல் வந்த ஆறாம் பதிப்பில் அது 1.6 கோடி. முயற்சி தொடங்கி 12 மாதங்களுக்குள் மனைவி கருவுற்ற ஆண்களை வரிசைப்படுத்தி, அவர்களில் கீழ்க்கோடியில் உள்ள 5 விழுக்காட்டினரை மற்றவர்களிடமிருந்து பிரிக்கும் எண் அது. தந்தையானவர்களிலேயே 100-க்கு 5 பேர் அதற்குக் கீழே இருந்திருக்கிறார்கள் என்பதுதான் அதன் பொருள்.

பெட்டி பழைய எல்லையோடு நிற்பதைப் பெருங்குற்றமாக நான் சொல்லமாட்டேன். எல்லை சற்று உயரமாக இருப்பதால், கோடு தெரியாதவர்களில் சிலர் தேவையில்லாமல் ஆய்வகத்துக்குப் போவார்கள், போனால் நல்லதுதான். நான் கவலைப்படுவது கோடு தெரிந்தவர்களைப் பற்றி. கஸிக் என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும், குழந்தையில்லாத 765 தம்பதிகளையும் குழந்தையுள்ள 696 தம்பதிகளையும் ஒப்பிட்டு 2001-இல் வெளியிட்ட ஆய்வில், ஒற்றை எல்லைக்குப் பதிலாக இரண்டு எல்லைகளை முன்வைத்தனர். மில்லிலிட்டருக்கு 1.35 கோடிக்குக் கீழே இருந்தால் இனப்பேறு குறைவு எனலாம்; 4.8 கோடிக்கு மேல் இருந்தால் நல்ல நிலை எனலாம். இடைப்பட்டதெல்லாம் இரண்டு பக்கமும் சேராத பகுதி. 2 கோடி என்பது அந்த இடைப்பகுதிக்குள் அடிப்பக்கத்தில் விழுகிறது. ஆக, கோட்டைப் பார்த்து நிம்மதி அடைபவர் 2.1 கோடியில் இருக்கிறாரா 10 கோடியில் இருக்கிறாரா என்பது அவருக்கே தெரியாது. அதே ஆய்வில் எண்ணிக்கையைத் தவிர, நீந்தும் விந்தணுக்களின் விகிதமும் வடிவச் சீர்மையும் தனித்தனியே இரு குழுக்களையும் பிரித்துக் காட்டின. அவற்றில் வடிவச் சீர்மையே எல்லாவற்றினும் கூர்மையாகப் பிரித்தது.

விந்தணு நீந்துகிறதா என்பது எஸ்பி-10-க்குத் தெரியாது. உயிருள்ள விந்தணுவிலும் இறந்த விந்தணுவிலும் புரதம் இருக்கும். கரைசல் இரண்டையும் ஒரேபோல் உடைத்துவிடும். விந்தின் கன அளவையும் பெட்டி கேட்பதில்லை. செறிவு நன்றாக இருந்து மொத்த அளவு அரை மில்லிலிட்டராக இருந்தாலும் கோடு தெளிவாகவே விழும். விந்தணுவின் தலை உருண்டையாகி ஆக்ரோசோமே இல்லாமல் போகும் அரிய கோளாறு ஒன்று உண்டு. அந்தப் புரதத்துக்கு வழக்கமான உறைவிடம் ஆக்ரோசோம்தான் என்பதால், அத்தகையவரிடம் எண்ணிக்கைக்கும் கோட்டுக்கும் உள்ள உறவு குலையக்கூடும். இவை யாவும் பெட்டியின் செய்முறையில் நேர்ந்த பிழைகள் அல்ல. எண்ணிக்கைக்கான அடையாளமாக ஒரு புரதத்தைத் தேர்ந்தெடுத்தபோதே இவை உடன்வந்துவிட்டன.

எனவே இந்தப் பெட்டியை வாங்குவோருக்கு நான் சொல்ல விரும்புவது, பெட்டியின் விளம்பரத் தொனிக்கு நேர்மாறானது. விளம்பரம் கோட்டை நற்செய்தியாக விற்கிறது. என் மதிப்பீட்டில், இந்தப் பெட்டி தன் விலைக்கு ஈடான வேலையைச் செய்வது கோடு தெரியாமல் போகும்போதுதான். அப்போது அது ஒருவரை இன்னும் ஓராண்டு காலம் வீணாகக் காத்திருக்க விடாமல் ஆய்வகத்துக்கு அனுப்புகிறது. கோடு தெரிந்தால் அதற்குக் கொடுக்கத்தக்க மதிப்பு, எண்ணிக்கை படுமோசமாக இல்லை என்ற அளவுக்குத்தான். அதற்கு மேல் ஒரு சொல்லும் சேர்த்துக்கொள்ளக் கூடாது. ஓராண்டு முயன்றும் கருத்தரிக்காத தம்பதி, அல்லது மனைவிக்கு 35 வயதைக் கடந்திருந்து ஆறு மாதம் முயன்றும் கருத்தரிக்காத தம்பதி, கோடு தெரிந்தது என்பதற்காக முழுப் பரிசோதனையைத் தள்ளிப்போட்டால் பெட்டி அவர்களுக்குத் தீங்கே செய்திருக்கிறது.

இதை எழுதும்போது நம் வீடுகளை நினைக்காமல் இருக்க முடியவில்லை. கலிபோர்னியாவில் இருந்தாலும் காரைக்குடியில் இருந்தாலும், திருமணமாகி இரண்டாண்டு ஆனதும் "ஏதாவது விசேஷம் உண்டா" என்ற கேள்வி மருமகளை நோக்கித்தான் வருகிறது. ஸ்கேன், ஹார்மோன் பரிசோதனை, கருக்குழாய் அடைப்பைப் பார்க்கும் வலி மிகுந்த எக்ஸ்ரே என்று எல்லாவற்றையும் அவள் கடந்த பிறகும், கணவன் ஒரு கிண்ணத்தில் மாதிரி கொடுக்க நாள் கடத்திக்கொண்டிருப்பான். குழந்தையின்மையில் ஏறத்தாழப் பாதி நேர்வுகளில் ஆணின் பங்கும் இருக்கிறது என்பது நெடுங்காலமாக அறியப்பட்ட செய்தி. ஆணுக்கான முதற்கட்டப் பரிசோதனை, எல்லாப் பரிசோதனைகளிலும் மலிவானது, வலியே இல்லாதது. ஆய்வகத்தில் பெயர் சொல்லி அழைக்கப்படுவதற்கும் மெல்லிய கதவு கொண்ட அறைக்குள் போவதற்கும் கூசும் ஒருவரை, வீட்டிலேயே முதல் அடி எடுத்து வைக்கத் தூண்டும் என்பதற்காக மட்டும் இந்தப் பெட்டிக்கு நான் கூடுதல் மதிப்பெண் தருவேன். கூச்சத்தைப் போக்கச் செலவழிக்கும் 40 டாலர் அது. ஆனால் அதே மனிதர் கோட்டைப் பார்த்ததும் "எனக்கு ஒரு குறையும் இல்லை, போய் நீ காட்டிக்கொள்" என்று மனைவியிடம் சொல்லிவிடுவார் என்ற அச்சமும் எனக்கு இருக்கிறது. அந்த வாக்கியத்துக்கான ஆதாரம் இந்தப் பட்டையில் இல்லை.

பரிசோதனையை ஒருமுறை செய்து நிறுத்துவதும் சரியன்று. ஒரு விந்தணு உருவாகி முடிவதற்கு ஏறத்தாழ 74 நாள் ஆகிறது; அதற்குப் பிறகு விரைமேல் சுருளில் முதிர்வதற்கும் சில நாள் வேண்டும். இரண்டு மாதத்துக்கு முன் வந்த கடுங்காய்ச்சல் இன்றைய மாதிரியில் தன் சுவட்டைக் காட்டலாம். ஒரே மனிதரின் எண்ணிக்கை வாரத்துக்கு வாரம் வெகுவாக ஏறி இறங்குவதும் இயல்புதான். ஆய்வகத்திலேயே ஒரு மாதிரியை மட்டும் வைத்து முடிவு சொல்ல மாட்டார்கள். இரண்டு பெட்டிகளை வாங்குவதானால் 2012-ஆம் ஆண்டு விலையிலேயே செலவு 80 டாலரை எட்டிவிடும். அந்தத் தொகைக்கு அருகில் அமெரிக்காவிலேயே சில இடங்களில் முழுமையான விந்துப் பரிசோதனை செய்துகொள்ளலாம். இந்தியாவில் இருப்பவர்களுக்கு இந்தப் பெட்டியை இறக்குமதி செய்து வாங்கச் சொல்வதற்கு எனக்கு ஒரு காரணமும் தோன்றவில்லை. நம் ஊர் ஆய்வகங்களில் அதைவிடக் குறைந்த செலவில், எண்ணிக்கை, நீந்தும் திறன், வடிவம் மூன்றும் எழுதிய அறிக்கை கையில் கிடைத்துவிடும்.

வீட்டிலேயேதான் செய்ய வேண்டும் என்றால் வேறு வழிகளும் இப்போது உண்டு. கைப்பேசியின் ஒளிப்படக் கருவியோடு சிறிய உருப்பெருக்கியை இணைத்து, விந்தணுக்கள் நீந்துவதையே திரையில் காட்டும் யோ என்ற பெட்டி, நீந்தும் விந்தணுக்கள் மில்லிலிட்டருக்கு 60 லட்சம் இருக்கின்றனவா என்று பார்க்கிறது. கையேட்டின் ஐந்தாம் பதிப்பு சொல்லும் 1.5 கோடியில் 40 விழுக்காடாவது நீந்த வேண்டும் என்ற கணக்கிலிருந்து வரும் எண் அது. கையேட்டின் இரண்டு அளவுகோல்களையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கிறது என்பதால் கேள்வி பொருத்தமானது. ஆனால் செயலி, கைப்பேசியின் வகை, வெளிச்சம் என்று பட்டைக்கு இல்லாத சார்புகள் அதற்கு உண்டு. பாதுகாக்கும் நீர்மத்தோடு மாதிரியை அஞ்சலில் ஆய்வகத்துக்கு அனுப்பும் சேவைகள் விலை கூடியவை. ஆனால் கிடைப்பது முழு அறிக்கை. குழந்தைக்கு முயல்பவர் ஒருவர் என்னிடம் கேட்டால், வெளியே போகக் கூசினால் அஞ்சல் சேவைக்கும், கூச்சமில்லையென்றால் நேரே ஆய்வகத்துக்கும் போகச் சொல்வேன். இரண்டுக்கும் இசையாதவருக்கே ஸ்பெர்ம்செக்.

மூத்த உறவான வாசெக்டமிப் பெட்டியைப் பற்றி என் மதிப்பீடு இதைவிட நல்லது. அறுவை முடிந்தவுடன் விந்தணு நின்றுவிடாது. வெட்டிய இடத்துக்கு மேலே குழாயில் தங்கியிருப்பவை வெளியேறப் பல வாரங்கள் ஆகும். அதுவரை வேறு கருத்தடை வேண்டும். அமெரிக்கச் சிறுநீரகவியல் சங்கத்தின் 2012-ஆம் ஆண்டு வழிகாட்டுதல், 8 முதல் 16 வாரத்துக்குள் ஒரு மாதிரியை ஆய்வகத்தில் பார்க்கச் சொல்கிறது. நடைமுறையில், அறுவை செய்துகொண்டவர்களில் பெருந்தொகையானோர் அதற்காகத் திரும்பி வருவதே இல்லை. அவர்களை மனத்தில் வைத்துத்தான் மில்லிலிட்டருக்கு 2.5 லட்சம் என்ற மிகத் தாழ்ந்த எல்லையில் கோடு காட்டும் பட்டையை ஹெர் குழுவினர் வடிவமைத்தனர். இங்கே கேள்வியும் விடையும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன. நீந்தும் திறனோ வடிவமோ இரண்டாம் பட்சம். விந்தணு இருக்கிறதா இல்லையா என்பதே முதற்கேள்வி. விரையில் மட்டுமே பிறக்கும் ஒரு புரதம் அதற்குத் தரும் விடையைப் போல் நேரடியான விடையை வேறொன்று தருவது கடினம். கோடு தெரிந்தால், அறுவை இன்னும் பலன் தரவில்லை, கருத்தடையை நிறுத்தாதே என்ற எச்சரிக்கை ஐயத்துக்கு இடமில்லாமல் கிடைத்துவிடுகிறது.

அதிலும் ஒரு வரம்பு உண்டு. வழிகாட்டுதல் ஏற்கும் எல்லை, விந்தணுவே இல்லாமை, அல்லது நீந்தாத விந்தணுக்கள் மில்லிலிட்டருக்கு 1 லட்சத்துக்கு மிகாமை. பட்டையின் 2.5 லட்சம் அதைவிட உயரம். எஞ்சியிருப்பவை நீந்துகின்றனவா என்பதையும் பட்டை சொல்லாது. நீந்தும் விந்தணு சிலவே எஞ்சியிருந்தாலும் கருத்தடையைத் தொடரத்தான் வேண்டும். ஆகவே இந்தப் பெட்டியை வாங்குபவர், கோடு தெரிந்துகொண்டிருக்கும் வரை ஆய்வகச் செலவை மிச்சப்படுத்திக்கொள்ளலாம். கோடு மறைந்த பிறகு புதிய மாதிரி ஒன்றை, எடுத்த இரண்டு மணி நேரத்துக்குள் நுண்ணோக்கியில் பார்க்கக்கூடிய ஆய்வகத்தில் கொடுத்து, எழுத்தில் அறிக்கை பெற்ற பின்னரே மற்றக் கருத்தடையைக் கைவிடலாம்.